ஆசிரியர்களை உருவாக்குவோர் எங்கிருந்து வருகிறார்கள்?

அவையில் கூடியிருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும், ஆசிரியப் பணிக்குப் பயின்றுவரும் மாணவர்களுக்கும், அலுவலக நண்பர்களுக்கும் என் வணக்கம்.

ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பணியாற்றுவோரின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ அனைவரும் இயற்பியல் படித்தவர்களாகவே இருப்பார்கள். கல்வியியல் துறையின் பட்டியல் அப்படி இருப்பதில்லை. உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், மெய்யியலிலிருந்து வந்தவர், சமூகவியலாளர், கணிதம் படித்தவர், மொழியியலாளர், பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தவர், தலைமையாசிரியராக இருந்தவர் என்று பலரும் அதில் இருப்பார்கள். இதைக் காணும் பிற துறையினர், கல்வியியலுக்கென்று சொந்தமாக ஏதேனும் அறிவு உண்டா என்று கேட்பதுண்டு. கேள்வியில் சற்று ஏளனம் இருந்தாலும் அது கேட்கத்தக்க கேள்விதான். இத்தனை பின்னணிகளும் ஒரே வகுப்பறையை ஒன்றாகப் பார்க்கும்போதுதான் அந்தச் சொந்த அறிவு பிறக்கிறது என்பது என் கருத்து.

இந்தக் கலப்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில், அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையை மெய்யியல் பேராசிரியர்கள் முறைவைத்து நிகழ்த்தினார்கள்; அவ்வாறு முறை வந்தபோது நிகழ்த்தியவர்களுள் புகழ்பெற்ற மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட்டும் ஒருவர். அவர் பல்கலைக்கழகத்துக்கு வருமுன் வீடுகளில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகம் 1779இல் கல்வியியலுக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தியபோது, டெசாவ் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்த டிராப் என்பவரை அதில் அமர்த்தியது. நான்கே ஆண்டுகளில் அவர் அப்பதவியை விட்டு விலகி, மறுபடியும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணிக்கே போய்விட்டார். ஸ்காட்லாந்தில் எடின்பரோவும் செயின்ட் ஆண்ட்ரூஸும் 1876இல் கல்வியியல் பேராசிரியர்களை நியமித்தன. முன்னதற்கு வந்த லாரி, திருச்சபையின் கல்விக் குழுவில் செயலாளராக இருந்து பள்ளிகளைப் பார்வையிட்டவர். பின்னதற்கு வந்த மீக்கில்ஜான், இளமையிலேயே கான்ட்டின் பெருநூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்; பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1879இல் அமர்த்திய பெய்ன், ஒரு நகரத்துப் பள்ளிகளையெல்லாம் மேற்பார்த்தவர். ஆக, தொடக்கத்தில் வந்தவர்களில் பலர் பள்ளிப் படியைக் கடந்தே பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டு இந்த நிலையை மாற்றியது. பூனைகளையும் கோழிக்குஞ்சுகளையும் கூண்டிலிட்டு அவை கற்கும் விதத்தை ஆராய்ந்து 1898இல் முனைவரான அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக், மறு ஆண்டே நியூயார்க்கின் ஆசிரியர் கல்லூரிக்கு வந்து நெடுங்காலம் பணியாற்றினார். நத்தையினங்களை ஆராய்ந்து பட்டம் பெற்ற பியாஜே 1921இல் குழந்தைகளையும் கல்வியையும் ஆராயும் ஜெனீவாவின் ரூசோ நிறுவனத்தில் சேர்ந்தார். இவர்கள் வகுப்பறையில் பாடம் நடத்தி வந்தவர்கள் அல்லர். ஆயினும் குழந்தை எப்படிக் கற்கிறது என்பது பற்றி இன்று ஆசிரியர்கள் பேசும் பேச்சில் பெரும்பகுதி இவர்களிடமிருந்து வந்தது. எனவே, பள்ளியில் வேலை பார்க்காதவருக்குக் கல்வியியல் துறையில் இடமில்லை என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வோரின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்களது முடிவை மட்டும் ஏற்க இயலவில்லை.

பின்னணி வேறுபட்டால் பார்வை எவ்வாறு வேறுபடுகிறது என்பதை ஒரு பாடவேளையை வைத்துப் பார்ப்போம். பயிற்சி ஆசிரியர் ஒருவர் பின்னக் கூட்டல் நடத்துகிறார். 1/3உடன் 1/4ஐக் கூட்டச் சொல்கிறார். ஒரு மாணவி கரும்பலகையில் 2/7 என்று எழுதுகிறாள். பயிற்சி ஆசிரியர் உடனே அதை அழித்துவிட்டு 7/12 என்று எழுதிக்காட்டி அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். வகுப்பின் கடைசி வரிசையில் துறையிலிருந்து வந்த நால்வர் அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு எண்களில் பழகிய விதியை மாணவி பின்னத்துக்கும் கொண்டுவருகிறாள் என்று உளவியலாளர் குறித்துக்கொள்வார். கணிதம் படித்தவருக்கு வேறொன்று தோன்றும்: மூன்று முயற்சியில் ஒரு வெற்றி, அடுத்த நான்கு முயற்சியில் ஒரு வெற்றி என்றால், மொத்தம் ஏழில் இரண்டு என்பது சரியான விடைதானே; அவள் எந்தக் கேள்விக்கு விடை எழுதினாள் என்று கேட்டிருக்கலாம். கூட்டிய பிறகு கிடைத்த 2/7, கூட்டுவதற்கு முன்பிருந்த 1/3ஐவிடச் சிறியதாக இருக்கிறதே என்று அவளையே ஒப்பிட்டுப் பார்க்கச் செய்திருக்கலாம் என்றும் அவர் சொல்வார். எந்தப் பிள்ளைகளைப் பலகைக்கு அழைக்கிறார்கள், எவரை அழைப்பதேயில்லை என்பதைச் சமூகவியலாளர் எண்ணிக்கொண்டிருப்பார். பள்ளியிலிருந்து வந்தவரோ, விடை அழிக்கப்பட்ட நொடியில் தங்கள் நோட்டிலும் 2/7 எழுதியிருந்த ஏழெட்டுப் பேர் சத்தமில்லாமல் அதை அடித்துத் திருத்தியதைக் கண்டிருப்பார். அதோடு, மணியடிக்கப் பதினைந்து நிமிடமே இருந்தபோது இவற்றில் எதைச் செய்ய முடியும் என்பதையும் அவரே சொல்ல முடியும்.

நால்வர் சொல்வதும் தனித்தனியே உண்மை. ஆனால் பயிற்சி ஆசிரியருக்கு உளவியல் திங்களன்றும், கணிதம் கற்பித்தல் புதனன்றும், சமூகவியல் வெள்ளியன்றும் தனித்தனித் தாள்களாகப் போய்ச் சேர்ந்தால், அவற்றை இணைக்கும் பொறுப்பு அனுபவமே இல்லாத அவர் தலையில் விழுகிறது. பேராசிரியர்கள் செய்யாததை மாணவர் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் வெளியிட்ட கட்டுரையில், பாட அறிவும் கற்பிக்கும் முறையும் கூடுமிடத்தில் ஆசிரியருக்கே உரிய அறிவு ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். அதற்கு முன் அவர் மருத்துவர்கள் நோயை எப்படிக் கணிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

பள்ளியிலிருந்து வந்தவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பள்ளியை விட்டு வந்தவரின் அனுபவம் பதினைந்து ஆண்டுப் பழையது. அதன் பிறகு பாடநூலும் மாறியிருக்கும், பிள்ளைகளும் மாறியிருப்பார்கள். கணிதம் கற்பித்தலை ஆராயும் டெபோரா பால், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோதே ஒரு தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தினார். 1989-90 கல்வியாண்டின் அந்த வகுப்புகள் விரிவாகப் பதிவு செய்யப்பட்டன. ஆறு என்ற எண் இரட்டையாகவும் ஒற்றையாகவும் இருக்கலாம் என்று அங்கே ஒரு சிறுவன் வாதிட்டதை இன்றும் உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் ஆராய்கிறார்கள். இவ்வாறு பள்ளிக்குத் திரும்பிச் செல்பவர்கள் குறைவு. சோம்பல் இதற்குக் காரணமன்று. பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணும் விதிமுறை, மூன்றாம் வகுப்பில் நின்று பாடம் நடத்திய ஓராண்டை எண்ணுவதில்லை. வேலைக்கு எடுக்கும்போது பள்ளி அனுபவத்தைத் தகுதியாகக் கேட்டுவிட்டு, எடுத்த பின் அதைப் புதுப்பிக்க நேரம் ஒதுக்காத துறைகள் தம் விதியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுக்கொருமுறை ஒரு பருவம் பள்ளியில் கற்பிப்பதைப் பணிநேரமாகவே கணக்கிடலாம்.

அலுவலக நண்பர்களைப் பற்றிப் பேசாமல் இந்த உரை முடியாது. கற்பித்தல் பயிற்சிக்கு மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஒருங்கிணைப்பாளரைப் பெரும்பாலான துறைகள் கோப்பு பார்ப்பவராகவே கருதுகின்றன. எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் பயிற்சி மாணவரைத் தம் வகுப்பில் உண்மையாகவே பாடம் நடத்த விடுவார், எங்கே அவரை விடைத்தாள் திருத்தவும் வருகைப்பதிவு எழுதவும் மட்டுமே வைத்திருப்பார்கள் என்பது ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியும்; பேராசிரியருக்குத் தெரியாது. பயிற்சி மாணவர் முதன்முதலாக வகுப்பில் தடுமாறும்போது தொலைபேசியில் அழைப்பதும் பெரும்பாலும் அவரைத்தான். அந்த இடத்துக்குப் பள்ளியில் பணியாற்றியவர் ஒருவரை நியமிப்பதும், பாடத்திட்டக் குழுவில் அவருக்கு வாக்குரிமையோடு இடம் தருவதும் புதிதாக ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்குவதைவிட எளிதானவை. இதைத் துறைத்தலைவர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே செய்துவிட முடியும்.