வீடியோவில் பிடிபடாத ஆரஞ்சு வாசனை

[திரை இருட்டு. பழைய கேம்கார்டர் பதிவின் இரைச்சல் மட்டும்.]

வணக்கம். டிஸ்னி பூங்காவில் வண்டியில் உட்கார்ந்து காட்சிகளைப் பார்த்துவருகிற ஒரு ரைடுக்குள், 1990-களில் அமெரிக்கக் குடும்பங்கள் கேம்கார்டரில் எடுத்துவைத்த பதிவுகள் இவை. பாதி நேரம் இருட்டு, மீதி நேரம் கை நடுக்கம். நடுவில் யாரோ இருமுகிறார்கள். ஒரு குழந்தை "இது என்னப்பா?" என்று கேட்கிறது, அப்பாவுக்கும் தெரியவில்லை. இதை இன்றைக்கும் மெனக்கெட்டுத் தேடிப் பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில்தான். இத்தனைக்கும் இந்த ரைடில் நான் ஏறியதே இல்லை. இனி ஏறவும் முடியாது, கட்டடத்தையே 2000-இல் இடித்துவிட்டார்கள்.

இதன் பெயர் ஹொரைசன்ஸ். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டிஸ்னியின் எப்காட் பூங்காவில் இருந்தது. இதில் போய்வந்தவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் ஐந்தாவது நிமிடத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "அந்த ஆரஞ்சு வாசனை ஞாபகம் இருக்கிறதா?"

[காட்சி: கட்டடத்தின் பழைய புகைப்படம். பட்டை தீட்டிய கல் மாதிரி, தரையில் இறங்கிய விண்கலம் மாதிரி.]

எப்காட் திறந்தது 1982 அக்டோபர் 1. சரியாக ஒரு வருடம் கழித்து, 1983 அக்டோபர் 1 அன்று ஹொரைசன்ஸ் திறந்தது. செலவில் பங்குபோட்டு, வாசலில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட நிறுவனம் ஜெனரல் எலெக்ட்ரிக். அந்தக் காலத்தில் பல்பு, ஃபிரிட்ஜ், ஜெட் இன்ஜின் எல்லாம் செய்துவந்த அதே நிறுவனம்தான். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உள்ளே போனால் வரிசை எங்கும் தேங்காது. காரணம் ஆம்னிமூவர் என்கிற ஏற்பாடு. வண்டிகள் சங்கிலி கோத்த மாதிரி ஒன்றையொட்டி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் ஏற்றுவதற்கென்று நிற்பதில்லை. வண்டியின் வேகத்துக்கே நகர்கிற ஒரு நடைபாதையில் நீங்கள் காலை வைத்து, அப்படியே பக்கத்தில் வருகிற வண்டியில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஹொரைசன்ஸில் இந்த வண்டிகள் மேலிருந்து தொங்கின. ஒரு வண்டியில் நான்கு பேர். முன்னோக்கிப் போகாமல் பக்கவாட்டில் நகரும். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்ப்பது போல, காட்சிகள் முகத்துக்கு நேராக ஒவ்வொன்றாகக் கடந்துபோகும். மொத்தம் 15 நிமிடம். இன்றைய ரைடுகளின் கணக்கில் இது ஒரு முழு நீளப் படம்.

முதல் பகுதியில் பழைய காலத்து மனிதர்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று காட்டுவார்கள். நிலாப் பயணக் கதை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன், பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்து நிலாவுக்குப் போகிற பொம்மையாக வருவார். வீட்டு வேலை செய்கிற தகர ரோபோ வரும். இதெல்லாம் சிரிப்புக்கு. அடுத்தது சுமார் 80 அடி உயர வளைந்த திரைகள், அவற்றில் விண்ணோடம் கிளம்பும். வண்டியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் வயிற்றைக் கலக்கும் என்பார்கள்.

ஆனால் ஏறியவர்கள் பேசுவதெல்லாம் அதற்கு அடுத்த பகுதியைப் பற்றித்தான். எதிர்காலத்து வீடுகள்.

[காட்சி: மெசா வெர்டே. பாலைவனம், வரிசையாக ஆரஞ்சு மரங்கள்.]

மெசா வெர்டே என்று ஒரு கற்பனை ஊர். பாலைவனத்தைத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். ரோபோக்கள் பழம் பறிக்கின்றன, ஒரு பெண் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவற்றை மேய்க்கிறார். வண்டி இந்த இடத்துக்கு வந்ததும் ஆரஞ்சு வாசனை மூக்கில் ஏறும்.

இது எப்படி நடந்தது என்று பார்ப்போம். டிஸ்னியின் வடிவமைப்பாளர்கள் இதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள். வாசனைத் திரவியத்தை ஒரு பக்கத்திலிருந்து காற்றோடு சேர்த்து ஊதும். எதிர்ப்பக்கத்தில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் இருக்கும். நடுவில் வண்டி போகும். ஊதுவது சுலபம், யார் வேண்டுமானாலும் ஊதலாம். உறிஞ்சுவதில்தான் சாமர்த்தியம். அது இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் கட்டடம் முழுக்க ஆரஞ்சு மணக்கும், அடுத்த காட்சியில் கடலுக்கடியில் இருக்கும்போதும் தோட்டம்தான் மணக்கும். நம் கல்யாண மண்டபங்களில் சாம்பார் வாசனை மணமேடை வரை வந்துவிடுகிறதே, அதைத் தடுக்கிற வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் தாண்டினால் அந்தக் குடும்பத்தின் வீடு. சமையலறையில் அப்பாவும் பையனும் பிறந்தநாள் கேக் செய்கிறார்கள். பெண் படிக்க வேண்டிய நேரத்தில் சுவரளவு திரையில் தன் காதலனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் கடலுக்கடியில் ஒரு நகரத்தில் இருக்கிறான். கடைசியில் விண்வெளியில் மிதக்கும் ஒரு குடியிருப்பில் பிறந்தநாள் விழா. தூரத்து ஊர்களில் இருக்கிற உறவினர்கள் எல்லாம் ஒளி உருவமாக வந்து சுற்றி நின்று பாடுவார்கள்.

1983-இல் இது அதிசயம். இன்றைக்குத் தஞ்சாவூரில் இருக்கிற பாட்டி, நியூ ஜெர்சியில் பேரன் கேக் வெட்டுவதை வாட்ஸ்அப்பில் பார்க்கிறார். கேமராவை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சத்தமே கேட்கலை"ங்கிறார். ஹொரைசன்ஸின் ஒளி உருவங்கள் யாரும் "மியூட்ல இருக்கீங்க" என்று சொன்னதில்லை. அது ஒன்றுதான் அவர்கள் கணிக்கத் தவறியது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. "கனவு காண முடிந்தால் அதைச் செய்யவும் முடியும்" என்று வால்ட் டிஸ்னி சொன்னதாக ஒரு பொன்மொழியைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரிச் சுவர், காலை வணக்க மெசேஜ், பயிற்சி வகுப்பு என்று எங்கும் இருக்கும். அது அவர் சொன்னதில்லை. ஹொரைசன்ஸுக்காக டிஸ்னி வடிவமைப்பாளர் டாம் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய வரி அது. வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். ரைடு போய்விட்டது, அதன் விளம்பர வாசகம் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு உலகம் சுற்றுகிறது.

சரி, இவ்வளவு பிடித்த ரைடை ஏன் மூடினார்கள்?

ஜெனரல் எலெக்ட்ரிக் பெயரை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதற்காகத்தான். அந்தக் காலத்து எப்காட்டில் பெரிய அரங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனம் ஸ்பான்சர். டிஸ்னிக்குப் பணம், நிறுவனத்துக்குப் பெயர். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஒப்பந்தம் பத்து வருடம். 1993-இல் முடிந்தது, நீட்டிக்கவில்லை. அதன்பிறகு இத்தனை பொம்மைகளும் திரைகளும் வாசனைக் கருவிகளும் ஓடுகிற செலவை டிஸ்னி தனியாகச் சுமக்க வேண்டும். 1994 டிசம்பரில் மூடினார்கள். ஒரு வருடம் கழித்து, அக்கம்பக்கத்து ரைடுகள் பழுதுபார்ப்புக்கு மூடியபோது, கூட்டத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டுமே என்று மறுபடி திறந்தார்கள். வீட்டுக்கு விருந்தாளி நிறைய வந்தால் பரணிலிருந்து பழைய பாயை இறக்குவோமே, அப்படி. 1999 ஜனவரி 9 அன்று கடைசியாக மூடினார்கள். அந்த இடத்தில் 2003-இல் விண்வெளிப் பயணத்தைக் காட்டுகிற வேறொரு ரைடு வந்தது. அது ஆளை வைத்துச் சுழற்றுகிற ரகம். தலைசுற்றல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகையோடு வரும். பாட்டியை அழைத்துப் போய் உட்கார வைத்த இடம், பாட்டி வெளியே பெஞ்சில் காத்திருக்கிற இடமாகிவிட்டது.

[காட்சி: கலிஃபோர்னியா. வெள்ளை நிறத்தில் கூட்டல் குறி வடிவ வீடு.]

எதிர்காலத்து வீட்டைக் காட்டி, பிறகு இடித்த கதை டிஸ்னிக்குப் புதிதில்லை. 1957-இல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் மான்சான்டோ நிறுவனத்தின் செலவில் ஒரு பிளாஸ்டிக் வீடு கட்டினார்கள். நடுவில் ஒரு தூண் போன்ற அடித்தளம், அதிலிருந்து நான்கு பக்கமும் அந்தரத்தில் நீளும் நான்கு அறைகள். 1986-இல் குடும்பங்கள் இப்படித்தான் வாழும் என்றார்கள். உள்ளே மைக்ரோவேவ் அடுப்பு, பட்டனை அழுத்தினால் மேலே கீழே போகிற கைகழுவும் தொட்டி, ஒலியலையால் பாத்திரம் கழுவும் இயந்திரம், வாசலில் நிற்பவர் முகத்தைக் காட்டும் திரை. பத்து வருடத்தில் 2 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

1967-இல் இடிக்க முடிவு செய்து, ஒரே நாளில் வேலை முடியும் என்று இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு வீசினார்கள். குண்டு வீட்டில் மோதி, பந்து மாதிரி திரும்பி வந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் சங்கிலிகளைச் சுற்றி இறுக்கி நொறுக்கினார்கள். இரண்டு வாரம் பிடித்தது. அப்போதும் பிளாஸ்டிக் உடைவதற்கு முன்னால், அதை அடித்தளத்தோடு பிணைத்த இரும்பு போல்ட்டுகள் உடைந்தனவாம். அடித்தளத்தை எடுக்கவே இல்லை. இன்றும் அங்கே இருக்கிறது. பச்சை வண்ணம் அடித்து, சுற்றிலும் செடி வைத்துவிட்டார்கள். விவரம் தெரிந்த ரசிகர்கள் மட்டும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் போகிறவர்களுக்கு, இவர்கள் ஏன் சிமெண்ட் திண்டைப் படம் எடுக்கிறார்கள் என்று புரியாது.

அதே பூங்காவில் பீப்பிள்மூவர் என்று ஒன்று ஓடியது. 1967 முதல் 1995 வரை. ஒன்றுமே நடக்காத ரைடு என்று சொல்லலாம், அதுதான் அதன் அழகு. உயரத்தில் ஒரு பாதை. வண்டியில் மோட்டார் கிடையாது. பாதையில் வரிசையாகப் பதித்திருந்த ரப்பர் டயர்கள் சுழன்று வண்டியைத் தள்ளிவிடும். ஸ்பான்சர் டயர் நிறுவனமான குட்இயர், கேட்கவா வேண்டும். வெயிலில் நடந்து களைத்தவர்கள் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் மணி நேரம் பூங்காவை மேலிருந்து பார்த்துவிட்டு இறங்குவார்கள். தூங்கிய குழந்தை மடியிலேயே இருக்கும்.

அது போதாது, விறுவிறுப்பு வேண்டும் என்று 1998-இல் அதே பாதையில் வேகமான வண்டிகளை விட்டார்கள். பழைய பாதையின் வளைவுகள் வேகத்துக்குச் சாய்த்துக் கட்டப்படாதவை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி வேகத்தைக் குறைத்து, பிறகு கூட்டி, டயர்கள் தேய்ந்து, அடிக்கடி நின்று, 2000-இல் அதுவும் மூடியது. பாதை மட்டும் வண்டியில்லாமல் அப்படியே நிற்கிறது. வேகத்தின் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் களைத்தவனுக்கு உட்கார இடம் கொடுத்ததை எடுத்துவிட்டு, அவனை இன்னும் கொஞ்சம் ஓடச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபுளோரிடாவில் இதன் இன்னொரு வடிவம் 1975-இலிருந்து இன்றும் ஓடுகிறது. அங்கே போனால் தவறவிடாதீர்கள்.

[காட்சி: மீண்டும் ஹொரைசன்ஸ். வண்டிக்குள் ஒளிரும் மூன்று பட்டன்கள்.]

ஹொரைசன்ஸின் முடிவுக்கு வருவோம். வீடு திரும்பும் வழியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விண்வெளி, பாலைவனம், கடலடி என மூன்று பட்டன்கள். வண்டியில் எது அதிக ஓட்டு வாங்குகிறதோ அந்தப் படம் ஓடும், சுமார் அரை நிமிடம். சின்னச் சின்ன மாதிரி நகரங்களைச் செய்து, அவற்றின் மேல் கேமராவைப் பறக்கவிட்டு எடுத்தவை. ஏறியவர்களின் பேச்சில் நான் ரசிப்பது இதைத்தான். படம் எப்படி இருந்தது என்பதோடு நிறுத்தமாட்டார்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்து அம்மாவைத் தோற்கடித்தது, விண்வெளி கிடைக்காத கோபத்தில் மதியச் சாப்பாடு வரை பேசாமல் இருந்தது, அந்தச் சாப்பாட்டில் என்ன இருந்தது, திரும்பும்போது அப்பாவின் காரில் ஏசி வேலை செய்ததா இல்லையா என்று போய்க்கொண்டே இருக்கும். ரைடைப் பற்றிய பேச்சு எப்போது வீட்டைப் பற்றிய பேச்சானது என்று அவர்களுக்கே தெரியாது.

இந்த ரசிகர்கள் சும்மாவும் இருக்கவில்லை. கடைசி வருடங்களில் இரண்டு பேர் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, காட்சிகளுக்குள்ளேயே நடந்து, அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்துவைத்தார்கள். செய்யக்கூடாத வேலை, தயவுசெய்து யாரும் முயல வேண்டாம். ஆனால் அந்தச் சமையலறை அலமாரியில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவது அவர்களால்தான். அந்தப் படங்களையும் கேம்கார்டர் பதிவுகளையும் வைத்து, முழு ரைடையும் கணினியில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். தலையில் விஆர் கருவியை மாட்டிக்கொண்டால் வண்டியில் உட்காரலாம், திரும்பிப் பார்க்கலாம், பட்டனையும் அழுத்தலாம்.

வாசனைக்கு மட்டும் இன்னும் வழி இல்லை. அதனால் இந்த வீடியோவுக்காகப் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, ஒரு கமலா ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தோட்டம் திரையில் வந்ததும் தோலை உரித்தேன். விரலெல்லாம் எண்ணெய், கண்ணில் ஒரு துளி தெறித்து எரிச்சல், அந்தக் காட்சியைப் பாதிதான் பார்க்க முடிந்தது. பக்கத்து அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "யாருடா இந்நேரத்துல ஆரஞ்சு உரிக்கிறது? எனக்கும் ரெண்டு சுளை கொண்டா."