கோக் அடுப்பும் அதன் பின்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊதுலையில் இரும்பு உருக்கக் கோக் வேண்டும். நிலக்கரியைக் காற்றுப் படாமல் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் சுட்டால் கிடைப்பது அது. சுடும்போது வெளியேறும் வாயுவைக் குளிரவைத்து, தார், அமோனியா, நாப்தலீன், பென்சீன் கலந்த எண்ணெய் என்று பிரித்தெடுக்கும் இடம்தான் துணைப்பொருள் மீட்பு ஆலை. அடுப்பு வரிசை முன்கட்டு என்றால் இது பின்கட்டு.

முன்கட்டில் மாசை அளப்பது எளிது. ஒரு வரிசையில் 60 அடுப்புகள் என்று வையுங்கள். அடுப்புக்கு இரு பக்கமும் கதவு, ஆக 120 கதவுகள். ஆய்வாளர் வரிசையை ஒட்டி நடந்தபடியே புகை கசியும் கதவுகளை எண்ணிக்கொண்டு போவார். நம் நாட்டு விதிப்படி பழைய வரிசையில் நூற்றுக்கு 10, புதியதில் 5 வரை பொறுத்துக்கொள்வார்கள். அதாவது, புதிய வரிசையில் ஏழாவது கதவு புகைந்தால் விதிமீறல். ஊர்க்காரர்கள் கைநீட்டிக் காட்டுவதோ, சிவக்கச் சுட்ட கோக்கின் மேல் நீர் பாய்ச்சும்போது கிளம்பும் வெள்ளை மேகத்தை. அது பெரும்பாலும் நீராவிதான். பாய்ச்சியது பீனால் என்ற நச்சுப்பொருள் கலந்த கழிவுநீர் என்றால் கதை வேறு.

பின்கட்டில் கண் உதவாது. பென்சீன் ஆவிக்கு நிறமில்லை. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது. தார் தெளியும் தொட்டியின் மூடி, பம்பின் சீல், வால்வின் கழுத்து என்று கசிய ஆயிரம் இடம். ஆவியை அளக்கும் கருவியின் முனையை மூட்டு மூட்டாகப் பிடித்துப் பார்த்தால்தான் பிடிபடும். 1989இல் அமெரிக்கா கொண்டுவந்த விதி இதையே கட்டாயமாக்கியது. தொட்டிகளை மூடி, ஆவியை வாயுக் குழாய்க்கே திருப்பவும் சொன்னது.

பின்கட்டு முடங்கினால் என்ன ஆகும்? பென்சில்வேனியாவின் கிளேர்ட்டன் கோக் ஆலையில் 2018 டிசம்பர் 24 அன்று தீப்பிடித்தது. வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்கும் பகுதி மூன்று மாதங்களுக்கு மேல் இயங்கவில்லை. கோக் அடுப்பை நினைத்தபோது அணைக்கவும் முடியாது. சூடு ஆறினால் உள்ளிருக்கும் சிலிக்கா செங்கல் விரிசல் விடும். அடுப்புகள் எரிந்துகொண்டே இருந்தன. கந்தகம் நீக்காத வாயு எரிந்து, அக்கம்பக்கத்துக் காற்றில் கந்தக டையாக்சைடு வரம்பைத் தாண்டியது. கதவுகளை மட்டும் எண்ணியிருந்தால் இந்தச் சேதி தெரிந்தே இருக்காது.

இந்தியத் தரப்படி சுற்றுப்புறக் காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஓர் உருக்காலையின் மாசு அறிக்கை கையில் கிடைத்தால், கதவுக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்கட்டு வேலியோரம் பென்சீன் அளந்தார்களா, அன்று காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். நன்றி.