தொட்டிக்குள் ஒரு கண்மாய்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அது வந்த புதிதில் பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் காலையில் எட்டிப் பார்ப்பார். "என்னண்ணே, மீனைக் காணோம்? தொட்டிக்குள்ள புல்லு வளர்க்கிறீங்களா?" என்பார். ஐந்து வாரம் விடாமல் கேட்டார். நானும் ஐந்து வாரமும் "ஆமாப்பா, புல்லுதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்காது, அது நாரை ஒன்று சொக்கநாதரிடம் கேட்டு வாங்கிய வரம் என்று கதை கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. மீன் இல்லாத தண்ணீரை ஐந்து வாரம் பார்த்துக்கொண்டிருக்க நமக்குத் தெரியாதா?

அந்தப் பொறுமை எனக்குச் சும்மா வரவில்லை. அதற்கு முன் ஒரு தொட்டி வாங்கினேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடைக்காரர், "தண்ணிய ஊத்துங்க சார், மீனை விடுங்க, அவ்வளவுதான்" என்றார். எட்டு கோல்டு ஃபிஷ். கலர் கலராகக் கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடும் ஒரு சிப்பி. புதன்கிழமை காலையில் மிஞ்சியது இரண்டு. "கண்ணு பட்டுருச்சு" என்றார் அம்மா. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினேன்.

பட்டது கண் அல்ல, அம்மோனியா. மீன் மூச்சு விடும்போதும் கழியும்போதும் அம்மோனியா வருகிறது. மிச்சமான தீனி அழுகினாலும் அதுவேதான். பழகிய தண்ணீரில் ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் பெரிய கெடுதல் செய்யாது, செடிக்கு உரமாகவும் போய்விடும். ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பில்டர் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். புதுத் தொட்டியில் அவை இருக்காது. ஆறு மீன்களும் தங்கள் கழிவிலேயே மூழ்கிச் செத்தன.

இதில் நம் ஊர்த் தண்ணீருக்கும் பங்கு உண்டு. எங்கள் தெருப் போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளை படியும். இப்படிப்பட்ட கடினநீரில் பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண், 8-ஐத் தொடுவது சாதாரணம். பிஎச் 7 உள்ள தண்ணீரில், 25 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. அதுவே பிஎச் 8 ஆகிவிட்டால் நூற்றில் ஐந்து பங்கு நஞ்சு. வெயில் ஏறினால் இன்னும் கூடும்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் மழை பெய்த மறுநாளே மீன்குஞ்சோடு போய் நிற்பாரா? வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டும், கலங்கல் தெளியவேண்டும், பாசி பிடிக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் குஞ்சு. முதலில் மண், பிறகு தண்ணீர், பிறகு செடி, கடைசியில் மீன். நான் இரண்டாவது தொட்டியை இந்த வரிசையில் வைத்தேன்.

அடியில் ஓர் அங்குலம் மண், அதன்மேல் ஓர் அங்குலம் மணல். டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-ல் விரிவாக எழுதிப் பரவலாக்கிய முறை இது. அவர் எந்த மண்ணைப் போட்டாரோ, நான் போட்டது கண்மாய் வண்டலும் செம்மண்ணும் பாதிப்பாதி. செம்மண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது, செடிக்கு ஆகும். சாக்கடை கலக்கிற கண்மாயில் மட்டும் மண் எடுக்காதீர்கள். உரம் போட்ட தோட்டத்து மண்ணும் வேண்டாம். சலித்து, வாளியில் ஊறப்போட்டு, மேலே மிதக்கிற குப்பையைக் கொட்டிவிட்டு, சேறாகப் பரப்ப வேண்டும். மணலில் சுக்காங்கல் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எலுமிச்சம்பழம் போதும். நாலு சொட்டுப் பிழிந்தால், சுண்ணாம்பு இருந்தால் பொங்கும். அந்த மணல் போட்டால் தண்ணீரின் கடினம் கூடிக்கொண்டே போகும்.

தொட்டி நிறைந்தால் எடை 70 கிலோவை நெருங்கும். டிவி ஸ்டாண்டு தாங்காது. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

செடிக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்து, அதன்மேல் சோதனைக்குழாயைக் கவிழ்த்து, ஒளிச்சேர்க்கை என்று காட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஹைட்ரில்லாதான் என் முதல் செடி. நாடா மாதிரி நீளமாக வளரும் வாலிஸ்னேரியா இரண்டாவது. இந்த இரண்டும் கடினநீரில் கரைந்திருக்கிற பைகார்பனேட் என்ற உப்பிலிருந்தே தங்களுக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். நாம் குறைசொல்கிற உப்புத்தண்ணீர் அவற்றுக்குச் சாப்பாடு. அப்படியிருக்க, ஆயிரக்கணக்கில் செலவழித்து கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கிவைத்துவிட்டு, மெதுவாக வளர்கிற செடிக்குக் காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அழகுக்குச் செய்கிறவர்கள் செய்யட்டும்.

நடும்போது இரண்டு விஷயம். வாலிஸ்னேரியாவின் வேர்தான் மணலுக்குள் போகவேண்டும். வேரும் இலையும் சேருமிடம் மணலுக்கு மேலே தெரியவேண்டும், புதைந்தால் அழுகிவிடும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மணலில் நடவே கூடாது. அவற்றின் தண்டைக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும். புதுச்செடி ஒரு வாரத்தில் இலையை உதிர்த்தால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த இலை அது, தண்ணீருக்குள் வாழத் தனி இலை விடவேண்டியிருக்கிறது.

விளக்குக்கு ஒரு டைமர். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. நடுவில் மத்தியானத் தூக்கம் மாதிரி ஓர் இடைவெளி விட்டால் தண்ணீரில் குறைந்துபோன கார்பன் டை ஆக்சைடு திரும்பச் சேர்கிறது. பதினோரு மணி வாக்கில் ஒருநாள் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். ஹைட்ரில்லாவில் எங்காவது தண்டு ஒடிந்திருந்தால், அந்த முனையிலிருந்து குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கோத்த மணி போல மேலே போகும். ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடத்தில் மட்டும் தொட்டியை வைக்காதீர்கள். தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போல் ஆகிவிடும்.

இனி சித்திரை வெயில். இதுதான் நம் ஊரில் பெரிய பாடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். ராத்திரியில் செடியும் ஆக்சிஜனை இழுப்பதால் விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ராத்திரியில் ஏர் பம்ப் ஓடட்டும். சிலர் ஐஸ்கட்டி போடுகிறார்கள். திடீர்க் குளிரும் திடீர்ச் சூடும் மாறி மாறி வந்தால் மீன் தாங்காது. மண்பானை எப்படிக் குளிர்கிறதோ அந்த வழி போதும்: கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சின்ன விசிறி ஒன்றைத் தண்ணீரின் மேல் சாய்வாக ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

விசிறி ஓடினால் தண்ணீர் வற்றும். எங்கள் தொட்டியில் கோடையில் தினமும் ஒரு சொம்புக்குக் குறையாமல் வற்றுகிறது. வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்குகிறது. அந்த இடத்தைப் போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு மேலே உப்பு. இதை நான் ஒரு வருஷம் கழித்துத்தான் உணர்ந்தேன், கண்ணாடியில் வெள்ளைக்கோடு தடித்தபோது. வற்றியதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். வாராவாரம் கால்பங்கு மாற்றும்போது குழாய்த் தண்ணீர் போதும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒருநாள் வாளியில் திறந்துவையுங்கள். அவசரமென்றால் வளர்ப்பு மீன் கடையில் குளோரினை முறிக்கிற ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) என்று கேளுங்கள், கல்கண்டு போல இருக்கும்.

பில்டர் பஞ்சைக் குழாயடியில் கொண்டுபோய்ப் பளிச்சென்று கழுவாதீர்கள். நான் கழுவினேன். ஐந்து வாரம் வளர்த்த பாக்டீரியா ஐந்து நிமிஷத்தில் சாக்கடைக்குப் போனது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசினால் போதும், அழுக்காகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

மீன் விட்டபோது கோல்டு ஃபிஷ் வாங்கவில்லை, அது செடியைத் தின்றுவிடும். கடினநீருக்கு ஒத்துப்போகிற கப்பி மீன் ஆறு. கூடவே அயிரை நாலு. ஆமாம், நாம் குழம்பு வைக்கிற அதே அயிரை. சந்தையில் உயிரோடு விற்கிறார்களே, அதில் வாங்கி, தனி வாளியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு விட்டேன். அயிரை மணலுக்குள் புதையும், அடிமண்ணைக் கிளறிவிடும். அதை எதிர்பார்த்துத் தொட்டியின் முன்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு மண் போடாமல் மணல் மட்டும் போட்டிருந்தேன். அங்கேதான் அவை இருக்கின்றன. மணலுக்கு மேலே இரண்டு கண்ணும் மீசையும் தெரியும், அவ்வளவுதான். திடீரென்று ஒன்று விர்ரென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பவும் புதைந்துகொள்ளும். அந்தக் காற்றைக் குடலால் சுவாசிக்கிற மீன் அது. கோடையில் எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை: "கொழம்பு வைக்கிற மீனுக்கு லைட்டு, ஃபேனு!"

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தொட்டியில் வைத்து அலுத்துப்போன மீனை, முக்கியமாக டேங்க் கிளீனர் என்று விற்கிற அந்தக் கருப்பு மீனை, வைகையிலோ கண்மாயிலோ தெப்பக்குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி ஓரடிக்கு மேல் வளரும், நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை என்ன செய்திருக்கிறது என்று பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும். நான் கத்தரிக்கிற செடிகளை மொட்டைமாடியில் காயப்போட்டு முருங்கை மூட்டில் போடுகிறேன். வாராவாரம் எடுக்கிற தண்ணீர் கறிவேப்பிலைக்கு. பக்கத்து வீட்டுத் தம்பி போன மாதம் ஒரு தொட்டி வாங்கியிருக்கிறார், இப்போது அவர் வீட்டில் புல் வளர்கிறது.

வணக்கம்.