சேற்றிலிருந்து தொடங்கும் காவல்

வணக்கம் நேயர்களே.

நட்டுப் பதினைந்து நாள் ஆன நெல் வயலில், வரப்போரம் குந்தித் தண்ணீரைப் பாருங்கள். கொசுவைப் போலவே இருந்தும் கடிக்காத சின்ன ஈக்கள் நீரிலிருந்து எழும்பிக்கொண்டே இருக்கும். மக்குகிற தழைமேல் கடுகைவிடச் சிறிய பூச்சிகள் தத்தித் துள்ளும். பயிரை இவை தொடுவதில்லை என்பதால் இவற்றை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் அறுபதாம் நாளில், தூரடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்து நிற்குமா என்பது பெரும்பாலும் இந்த முதல் மாதத்து ஈக்களைப் பொறுத்தது.

இந்தோனேசியாவின் ஜாவா தீவு வயல்களில் நடந்து 1996-ல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வயலில் மட்கும் பொருளைக் கூட்டினார்கள். அதைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகின, அவற்றைத் தின்னும் சிலந்திகளும் பெருகின. பயிருக்குப் பகையான பூச்சி வந்து சேருமுன்னே அதைப் பிடிக்கும் படை வயிறு நிறைந்து, குஞ்சு பொரித்து, வயலில் இருந்தது.

அந்தப் படையில் யார் யார்? சேற்றோரம் ஓடும் ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாது, துரத்திப் பிடிக்கும். பெண் சிலந்தி வெள்ளை முட்டைப்பையைப் பின்புறம் ஒட்டியபடியே திரியும். பொரித்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். ஒரு சிலந்தி நாளைக்கு 5 முதல் 15 பூச்சிவரை தின்னும். புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. அங்கே மருந்து எளிதில் எட்டாது. பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி ஊசி போன்ற வாயால் அதைத் துளைத்து, நாளைக்கு ஏழு முதல் பத்து முட்டை உறிஞ்சும். தவறி நீரில் விழும் புகையான் குஞ்சுகளுக்கு நீர்மேல் ஓடும் சிறு நாவாய்கள் காத்திருக்கும். தூர்களுக்கு இடையே ஊசித்தட்டான் பறக்கும். முட்டைக்கு ஒன்று, நீரில் விழுந்ததற்கு ஒன்று, தூரடியில் இருப்பதற்கு ஒன்று என வேலை பிரிந்திருக்கிறது. ஒரு இனம் குறைந்தால் மற்றது ஓரளவு தாங்கும்; மூன்று நான்கு ஒருசேரப் போனால் தாங்க ஆள் இல்லை.

இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டதும் இருபதாம் நாளில் அடிக்கும் மருந்து செய்வது இதைத்தான். சிலந்தியும் மிரிட்டும் சாகின்றன, இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை பிழைக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் அது பொரிக்கும்போது தின்ன யாருமில்லை. மருந்து அடித்த வயலில் புகையான் மிகுவதன் காரணம் இதுதான். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளும் குயினால்பாஸ் மருந்தும் இதில் பேர்போனவை. இந்தோனேசிய அரசு 1986 நவம்பரில் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துத் தயாரிப்புகளைத் தடைசெய்தது, பிறகு மருந்து மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. நெல் விளைச்சல் சரியவில்லை. வியட்நாமின் லாங் ஆன் மாகாணத்தில் 1994-ல் ‘முதல் 40 நாள் இலைப்புழுவுக்கு மருந்து வேண்டாம்’ என்ற செய்தியைக் கொண்டுபோனதில் வானொலி நாடகத்துக்கும் பங்குண்டு. உழவர்கள் மருந்தடிக்கும் தடவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இளம் பயிர் புதுத் தூர் விட்டு அந்த இலை இழப்பை ஈடுகட்டிவிடும். கதிரை ஒட்டிக் கடைசியாக வரும் கண்ணாடி இலையில் விழும் சேதம் வேறு, அதற்குக் கவனம் வேண்டும்.

மருந்து மட்டுமே காரணம் என்று நிறுத்திக்கொள்ள முடியாது. தழைச்சத்து மிகுந்தால் தூரின் சாறு புகையானுக்குச் சத்துள்ள தீனியாகிறது, அடர்ந்த பயிரின் அடியில் புழுக்கமும் தங்குகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்காமல் தள்ளிப்போகும் ஆண்டில், ஆழ்குழாய் உள்ளவர் முந்தி நடுகிறார், இல்லாதவர் பிந்தி நடுகிறார். பக்கத்துப் பக்கத்து வயலில் நாற்றும் கதிரும். முற்றிய பயிரிலிருந்து சிறகு நீண்ட புகையான் இளம் பயிருக்குப் பறந்து போகிறது. பசி என்பதே அதற்கு இல்லாமல் போகிறது. வரப்பில் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்குவதும் கேடு. அறுவடைக்குப் பின் சிலந்தி ஒதுங்கும் இடம் அதுதான்.

இனி செய்ய வேண்டியது. நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். மண்ணுக்கு உரம், முதல் மாதத்து ஈக்களுக்குத் தீனி. எட்டடிக்கு ஒருமுறை ஓரடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டு நடுங்கள். யூரியாவை, இலையின் பச்சையை ஒப்பிடும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். வரப்பில் தட்டைப்பயறோ உளுந்தோ ஊன்றுங்கள். தட்டைப்பயற்றின் அசுவினிக்குப் பொறிவண்டு வரும், பூவின் தேனுக்குக் குளவி வரும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் வயல்களில் வரப்புப் பூச்செடிகளைச் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், மருந்துச் செலுத்தல் 70 சதம் குறைந்தும் விளைச்சல் 5 சதம் கூடியது.

நாற்பதாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை காலையில் வயலைக் குறுக்காகக் கடந்து இருபது குத்துகளை, அதாவது பல தூர் சேர்ந்த பயிர்க் கொத்துகளை, பாருங்கள். மேலே பார்த்தால் ஏமாறுவீர்கள். குத்தைச் சாய்த்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூரடியைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் தட்டினால் புகையான் நீரில் விழும், எண்ணலாம். சிலந்தியையும் எண்ணுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையான் எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம்.

எல்லையைத் தாண்டினால் முதலில் தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் போதுமா பாருங்கள்: ஏக்கருக்கு 10 கிலோ கொட்டை, 200 லிட்டர் தண்ணீர். வட்டமாகக் காயத் தொடங்கிய இடம் இருந்தால் அங்கும் அதைச் சுற்றியும் மட்டும், விசைத்தெளிப்பான் முனையைத் தாழ்த்தி, தூரடி நனைய மருந்தை அடியுங்கள். இலைமேல் அடிப்பது சிலந்தியைக் கொல்லும், புகையானைத் தொடாது. ஐந்தாம் நாள் அதே குத்துகளை மறுபடி தட்டி எண்ணுங்கள், புகையான், சிலந்தி இரண்டையும்.

நன்றி, வணக்கம்.