டிக் அப்: ஒரு கார் நிறுத்துமிடமும் அதைச் சுற்றிய வினைச்சொற்களும்

(திரையில்: வெள்ளைக் கோடுகள் போட்ட தார்த் தரை, ஓரத்தில் பொக்லைன் இயந்திரம்)

2012 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், மாநகராட்சிக் கார் நிறுத்துமிடம் ஒன்றில் பொக்லைன் இறங்கியது. முதல் நாளே கால் எலும்புகள் தட்டுப்பட்டன. 1485இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் வெட்டுப்பட்டு இறந்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் அவை என்பது மறு ஆண்டு பிப்ரவரியில் உறுதியானது.

தோண்டுவதைக் குறிக்கும் ‘டிக் அப்’ என்ற ஆங்கில வினையையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவமே போதும். அகராதியைத் திறந்தால் அன்எர்த், எக்ஸ்கவேட், எக்ஸ்ஹியூம் என்று வரிசையாக இருக்கும். எல்லாம் ஒன்றுதான் என்று மனப்பாடம் செய்தால் பேசும்போது தடுமாறுவோம். வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு எடுப்பதை யாரும் எக்ஸ்கவேட் என்று சொல்வதில்லை.

(திரையில்: தே டக் அப் தி கார் பார்க். தே டக் அப் எ ஸ்கெலிட்டன்.)

இரண்டு வாக்கியங்களும் சரி. தரையைத் தோண்டினாலும் டிக் அப். தரைக்குள் கிடந்ததைத் தோண்டி எடுத்தாலும் டிக் அப். குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டுவது, ரோஜாச் செடியை வேரோடு பெயர்ப்பது, நாய் புதைத்த எலும்பைக் கிளறி எடுப்பது என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அன்றாடப் பேச்சில் உங்களுக்கு முதலில் வாயில் வர வேண்டிய சொல் இதுதான்.

அன்எர்த் அப்படியல்ல. வெளியே வந்த பொருளுக்கு மட்டுமே அது ஒட்டும். எலும்புக்கூட்டை அன்எர்த் செய்யலாம். கார் நிறுத்துமிடத்தை அன்எர்த் செய்தார்கள் என்றால், புதையுண்டு கிடந்த கார் நிறுத்துமிடம் ஒன்றை மீட்டதாக அர்த்தமாகிவிடும்! அந்தச் சொல்லில் ஒரு வியப்பும் உண்டு: இத்தனை நாள் யார் கண்ணிலும் படாதது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது என்ற தொனி. செய்தியாளர்கள் ஊழலை வெளிக்கொண்டு வரும்போது அன்எர்த் அழகாகப் பொருந்துவது அதனால்தான்.

எக்ஸ்கவேட் என்பது முறையான வேலை. லெஸ்டர் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அந்த எலும்புக்கூட்டை முழுமையாக வெளிப்படுத்தியது செப்டம்பர் தொடக்கத்தில். சிறு கருவிகளால் மண்ணை விலக்கி, எலும்பு கிடந்த நிலையைப் பதிவு செய்து, பிறகுதான் எடுத்தார்கள். நாம் அகழாய்வு என்று சொல்லும் அந்தப் பொறுமைக்குத்தான் இந்தச் சொல். கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவதையும் ஒப்பந்தக்காரர்கள் இப்படியே எழுதுவார்கள்.

எக்ஸ்ஹியூம் என்ற சொல்லின் இடம் கல்லறை. புதைத்த உடலை மீண்டும் வெளியே எடுப்பது என்பதே அதன் பொருள். மறு பிரேதப் பரிசோதனைச் செய்திகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். ரிச்சர்டின் எலும்புகளைத் தொடுவதற்கும் பிரிட்டன் நீதித்துறை அமைச்சகத்திடம் எக்ஸ்ஹியூமேஷன் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் மரியாதையும் சேர்ந்துவிடுகிறது. ஒருவருடைய தாத்தாவின் உடலை ‘டக் அப்’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். காதில் முரட்டுத்தனமாக விழும்.

(திரையில்: பழைய வம்சாவளி ஏடு)

மண்வெட்டியே இல்லாமலும் டிக் அப் செய்யலாம். ஜான் ஆஷ்டவுன்-ஹில் என்ற வரலாற்றாய்வாளர், ரிச்சர்டின் அக்கா ஆனிடமிருந்து பெண்வழியாகவே இறங்கி வரும் வம்சத்தைத் தேடிப் பிடித்தார். அந்த வழியில் வந்தவர்தான் லண்டனில் மரச்சாமான் செய்யும் மைக்கேல் இப்சன். அவருடைய மரபணு எலும்புகளின் மரபணுவோடு பொருந்தியது. எலும்பைத் தோண்டியதற்கு நிகரான வேலை இது என்பது என் எண்ணம். ஆஷ்டவுன்-ஹில் செய்ததை ஆங்கிலத்தில் ‘ஹி டக் அப் தி ஃபேமிலி ரெக்கார்ட்ஸ்’ என்று தாராளமாகச் சொல்லலாம். எளிதில் கிடைக்காத தகவலை மெனக்கெட்டுத் தேடி எடுப்பதும் டிக் அப்தான்.

தேடுவது நல்லதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. தேர்தல் வந்தால் எதிராளியின் பழைய தவறுகளைத் தேடி அலைவதற்கு ‘டிக் அப் டர்ட்’ என்று பெயர். பழைய சண்டையை மறுபடி இழுப்பதற்கு இன்னும் கடுமையான சொல் டிரெட்ஜ் அப். டிரெட்ஜ் என்றால் தூர்வாருவது. தூர்வாரினால் மேலே வருவது சேறுதானே? ‘பழசைக் கிளறாதே’ என்று நம் வீடுகளில் சொல்வதை ‘டோன்ட் டிரெட்ஜ் அப் தி பாஸ்ட்’ என்று சொல்லுங்கள், கச்சிதமாக இருக்கும்.

டிக் அவுட்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பரணில் இருக்கிறது என்று தெரிந்தே பழைய ஆல்பத்தைத் துழாவி எடுத்தால், அது டிக் அவுட்.

(திரையில்: டிக் இட் அப் ✓ டிக் அப் இட் ✗)

கடைசியாக இலக்கணம். பெயர்ச்சொல் என்றால் ‘டிக் அப் தி ரோடு’, ‘டிக் தி ரோடு அப்’ இரண்டும் செல்லும். இட், தெம் போன்ற சுட்டுச்சொல் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘டிக் இட் அப்’, ‘டிக் தெம் அப்’. இறந்தகாலம் டக். பழைய ஆங்கில பைபிளில் டிக்ட் என்ற வடிவம் வரும். இன்று அப்படி எழுதினால் பிழை. செயப்பாட்டு வினையாக, ‘தி ரோடு வாஸ் டக் அப் அகெய்ன்’. சாலை போட்ட மறு மாதமே குழி வெட்டினால், அந்த அகெய்னைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.