ஜாவாஸ்கிரிப்டில ரிட்டேர்ன் எழுதியும் அன்டிஃபைன்ட் வருதா? காரணம் ஒரேயொரு என்டர்!

[திரையில்: பிரவுசர் கன்சோல்]

ஃபங்ஷன் சரி. கணக்குச் சரி. ரிட்டேர்னும் எழுதியாச்சு. ஆனா கன்சோலில அன்டிஃபைன்ட், அதாவது 'பெறுமதி ஒண்டும் இல்லை' எண்டு வந்து நிக்குது. சிவப்பு எழுத்தில ஒரு எரரும் இல்லை!

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து. அடிப்படையைக் கெதியாச் சொல்லுறன்: ஃபங்ஷன் கண்டுபிடிச்ச விடையை, அதைக் கூப்பிட்ட இடத்துக்குக் குடுக்கிறதுதான் ரிட்டேர்ன்.

கனபேர் கன்சோலில எழுதிக் காட்டுற கன்சோல் லாக்கும் ரிட்டேர்னும் ஒண்டெண்டு நினைக்கினம். தம்பியைத் திருநெல்வேலிச் சந்தைக்கு அனுப்புறீங்கள், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்ன விலையெண்டு கேட்டுவர. அவன் விலையைச் சந்தைக்குள்ள நிண்டே கத்திச் சொல்லிப்போட்டு, வீட்டை வந்து வாய் திறக்கேல்லை. அதுதான் கன்சோல் லாக். சனத்துக்கெல்லாம் கேட்டுது, உங்களுக்குக் கணக்குப் போட ஒண்டுமில்லை. வந்த அன்டிஃபைன்டோட 200 ரூபா ஓட்டோக் காசைக் கூட்டினால் என்ஏஎன், அதாவது 'இது எண் இல்லை' எண்டு வரும். ஏ லெவல் ஐசிடியில பைதன் படிச்ச பிள்ளையள் கவனியுங்கோ: பைதன் எண்டால் அந்த வரியிலேயே டைப் எரர் போட்டு நிப்பாட்டும். ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்.

[திரையில்: ரெண்டு வரி கோட்]

இனி அந்த என்டர். முதல் வரியில ரிட்டேர்ன் மட்டும். அடுத்த வரியில கேர்ளி பிராக்கெட்டுக்குள்ள, மொத்தம், கோலன், 1500. ரிட்டேர்னோட வரி முடிஞ்சால் ஜாவாஸ்கிரிப்ட் தானே ஒரு செமிகோலன் போட்டிடும். ஃபங்ஷன் வெறுங்கையோட திரும்பியிடும்.

அப்ப கீழ கிடக்கிற பிராக்கெட்டுக்கு ஏன் எரர் வரேல்லை? எனக்கு ஆகப் பிடிச்ச இடமே இதுதான். ரிட்டேர்னை விட்டு அறுந்த பிறகு அது பேரும் பெறுமதியும் சேர்ந்த ஒப்ஜெக்ட் இல்லை, கோட் வரிகளை அடைச்சு வைக்கிற வெறும் பிளொக். 'மொத்தம்' அதில ஒரு லேபிள், கூற்றுக்கு வைக்கிற பேர் மட்டும், 1500 ஒரு தனிக் கூற்று. ஜாவாஸ்கிரிப்டின்ர இலக்கணத்தில இதில ஒரு பிழையும் இல்லை! இப்ப கொமா போட்டு, கிலோ, கோலன், 3 எண்டு சேருங்கோ. உடன சின்டாக்ஸ் எரர். அதாவது ஒப்ஜெக்ட் சின்னனா இருந்தால்தான் பிழை ஒளிஞ்சிருக்கும். எவ்வளவு வடிவான பொறி, பாருங்கோ!

திறக்கிற பிராக்கெட்டை ரிட்டேர்ன் இருக்கிற வரியிலேயே போடுங்கோ, தீர்ந்துது.



ஒரு கேள்வி. 2015இல வந்த அரோ ஃபங்ஷனை, அம்புக்குறி போட்டுச் சுருக்கமா எழுதுற ஃபங்ஷனை எடுங்கோ. 1, 2, 3 இருக்கிற அரேக்கு, ஒவ்வொரு எண்ணிலயும் அந்த ஃபங்ஷனை ஓட்டுற மேப் போட்டு, கேர்ளி பிராக்கெட்டுக்குள்ள 'எக்ஸ் தர 2' எண்டு மட்டும் எழுதினால் என்ன கிடைக்கும்? ரன் பண்ணாமல் யோசிச்சு, விடையைக் கமெண்டில போடுங்கோ.