வெறும் முள்ளை என் கையில குடுத்த பெரியவர்

எல்லாருக்கும் வணக்கம். ஃப்ளைங்கறது தூண்டில் முள்ளுல இறகும் நூலும் சுத்தி, மீனை ஏமாத்தப் பூச்சி மாதிரி செய்றது. புதுசா அதைக் கட்ட வர்றவங்க முதல்ல கேக்குறது எந்த வைஸ் (முள்ளைப் புடிச்சுக்கிற இடுக்கி) வாங்கலாம், எந்த சேவல் இறகு நல்லதுன்னுதான். அதெல்லாம் மெதுவா பாத்துக்கலாங்க, முப்பது நாப்பது வருஷமா கட்டுற ஒருத்தர் பக்கத்துல போய் முதல்ல உக்காருங்க, அவர் வாயை விட கையைப் பாருங்க.

நான் அப்படி ஒரு பெரியவர்கிட்ட உக்காந்தவன். நான் கட்டுனதை வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, பிளேடால நூலை அறுத்து இறகு எல்லாத்தையும் உரிச்சுட்டு வெறும் முள்ளை என் கையில குடுத்தாரு. "கண்ணுகிட்ட இடமே விடலியேப்பா, தங்கூசி நரம்பை எதுல கோப்பே?" அவ்வளவுதான் கேட்டாரு. முள்ளோட கண்ணுக்குப் பின்னாடி கொஞ்சம் காலியா விட்டாத்தான் இறகு நுனியை அடக்கி கடைசி முடிச்சு போட முடியும், இல்லன்னா நூல் கண்ணுல ஏறி அடைச்சுக்கும், ஆத்துல விரல் விறைச்சுப்போய் நிக்கிறப்ப அது எவ்வளவு கஷ்டம்னு பட்டவங்களுக்குத் தெரியும். இதை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், ஆனா அன்னைக்குத்தான் உறைச்சது. நூலை எவ்வளவு இறுக்கணும்ங்கறதும் அப்படித்தான், பத்து தடவை அறுத்தாத்தான் விரலுக்குப் புடிபடும்.

ஸ்காட்லாந்துல பிரோராங்கற ஊர் பக்கத்துல இருந்த மேகன் பாய்ட் அம்மா, 1915-ல பொறந்தவங்க, சால்மன் மீனுக்கான ஃப்ளை கட்டுறதுல உலகம் முழுக்கப் பேர் வாங்குனவங்க. அவங்களும் சின்ன வயசுல ஒரு கீப்பர்கிட்ட (எஸ்டேட் காவல்காரர்) பழைய ஃப்ளையைப் பிரிச்சு, திரும்பக் கட்டித்தான் கத்துக்கிட்டாங்க. 1971-ல அரசாங்கப் பதக்கம் கூட குடுத்தாங்க, ஆனா அவங்க மீனே புடிச்சதில்ல!

இன்னொருத்தர் நேர் எதிர், எப்பவும் ஆத்தங்கரையிலயே இருந்தவர், இங்கிலாந்துல ஏவன் ஆத்தைப் பாத்துக்கிட்ட ஃபிராங்க் சாயர். தண்ணிக்குள்ள நீந்துற நிம்ஃப், அதாவது றெக்கை முளைக்காத இளம் பூச்சி, காலை உடம்போட ஒட்டி மடக்கிக்குதுன்னு கவனிச்சாரு, அதனால தான் உருவாக்குன ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்ங்கற ஃப்ளைக்கு காலே வைக்கல. நூலும் இல்ல, மெல்லிசான செம்புக் கம்பிதான், கட்டுறதுக்கும் அதுவே, மூழ்க வைக்கிற எடைக்கும் அதுவே. எதை விட்டுடலாம்னு இப்படித் தெரிஞ்சுக்கிறதுக்கு எத்தனை நாள் தண்ணியையே பாத்துட்டு இருந்திருப்பாரு, எனக்கு இதை நினைச்சா இப்பவும் மலைப்பா இருக்கு.

எங்க பெரியவரும் ஆத்துக்குப் போனா உடனே எறங்க மாட்டாரு. கொஞ்ச நேரம் கரையில குத்தவச்சு பாப்பாரு, ஏன்னா ட்ரவுட் மீன் நிறைய நேரம் கரையை ஒட்டியே, நாம கால் வைக்கப்போற இடத்துலயே நிக்கும். எறங்கி ஃப்ளையைப் போட்டதும் தூண்டில் லைனைத் தூக்கி ஆத்தோட மேல்பக்கமா மடிச்சுப் போடுவாரு, வேகமா ஓடுற தண்ணி லைனை இழுத்து ஃப்ளையைத் தரதரன்னு கொண்டு போயிடக்கூடாதுன்னு. இதை யாரும் சொல்லி எனக்கு வரல, பின்னால நின்னு பாத்து வந்தது.

சரி, இங்க கீழ மூணு பெரியவங்க வைஸ் போட்டு உக்காந்திருக்காங்க. நீங்க கட்டுன ஃப்ளை ஒண்ணை எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, உரிச்சாங்கன்னா வருத்தப்படாம அங்கயே உக்காந்து மறுபடி கட்டுங்க.